அசோக மன்னரும் புலால் உணவும்

கொல்கத்தாவில் பாலிகஞ்சுக்கு வடக்கே, பார்க் தெருவிலுள்ள ஏஷியாட்டிக் சொசைட்டியில், புத்த தம்ம சங்கங்களை வணங்கி அசோகர் பொறித்த கல் இருக்கின்றது. அம்மன்னரின் சரித்திரம் நமக்குப் பெரும் பாடமாகும்.

ஏறத்தாழ கி.மு. 268இல் மகத நாட்டை ஆளத் தொடங்கிய அவர், முடிசூடி எட்டாண்டு சென்றபின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதாக அவரே கல்லில் பொறித்துள்ளார். அத்துயரம் அவருள்ளத்தைத் தம்மத்தில் ஊன்றச் செய்தது.

அரண்மனை அடுக்களையில் நாள்தோறும் கணக்கற்ற உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன. அதனை இரண்டு மயில், ஒரு மான் எனக் குறைத்தார். மானும் எந்நாளும் அன்று. பின்னாளில் அவையும் கொல்லப்படா என அறிவித்தார். முடிசூடிய 26ஆம் ஆண்டில் கிளி, மைனா, வௌவால் முதலியவற்றையும், சினையாட்டையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் கொல்லலாகாதென்றும், குறித்த நாட்களில் மீன் விற்கலாகாதென்றும் ஆணையிட்டார். சோழ பாண்டிய நாடுகளிலும் விலங்குகளுக்கு மருத்துவம் செய்வித்ததாக அவர் கல்வெட்டு கூறும். கி.மு. 232ஐ ஒட்டி மறைந்தார்.

இத்துணை அருளுடையவர், புலாலுண்போரை இழிந்தவரென்று எக்கல்லிலும் பொறித்தாரில்லை. புலால் முழுவதையும் குடிகளுக்குத் தடுத்தாருமில்லை. முதலில் தம் அடுக்களையையே திருத்தினார்.

நம் முன்னோரையோ, உண்ட உணவைக் காட்டி ஊருக்குப் புறத்தே நிறுத்தினார்கள். அது உயிர்மேல் வைத்த இரக்கமன்று. மனிதர்மேல் வைத்த வெறுப்பு. ஆதலின் அன்பர்களே, புலாலை விடுவோர் உயிரிரக்கம் கருதி விடுக. பிறர் மதிப்பை வேண்டி விடற்க. விட்டவர், விடாதவரைத் தாழ்வாக எண்ணற்க.