ராஜா மஹாடி: வென்றதும் இழந்ததும்

புக்கிட் மெலாவத்தி பீரங்கியின் மேல் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுக்காத குடும்பம் நம் சங்கத்தில் இருக்காது. குரங்குகளுக்குக் கடலை போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுகிறோம். 1867 முதல் ஆறேழு ஆண்டுகள் நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் இந்தக் குன்றும் கைமாறிக்கொண்டே இருந்தது. அந்தப் போரின் நடுநாயகர் ராஜா மஹாடி.

அவர் சுல்தான் முகம்மதுவின் பேரர். தந்தை ராஜா சுலைமான் கிள்ளானை நிர்வகித்தவர். ஆனால் 1854இல் கிள்ளான், ரியாவ் வழியினரான ராஜா அப்துல்லாவின் கைக்குப் போனது. தமக்கு வரவேண்டியது பிறருக்குப் போய்விட்டது என்ற மனக்குறை மஹாடிக்கு. 1866இல் ராஜா அப்துல்லா வரி வசூலைச் சிங்கப்பூர் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அபின் வியாபாரம் செய்த மஹாடி, அரச குடும்பத்தவன் ஏன் வரி கட்ட வேண்டும் என்று மறுத்தார். மறுப்பு சண்டையாகி, 1867 மார்ச்சில் கிள்ளான் கோட்டை அவர் வசமானது. ராஜா அப்துல்லா மலாக்காவுக்கு ஓடினார்.

அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் மஹாடியின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திராது. தன்னம்பிக்கை அவருக்கு நாட்டின் வளமான ஆற்றுமுகத்தையே வாங்கிக் கொடுத்தது. மேலே இருந்த ஈயமெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்கியது.

அவரைக் கெடுத்தது அடுத்து வந்த வெறும் 500 வெள்ளி. கிள்ளான் வருமானத்திலிருந்து மாதம் 500 வெள்ளி சுல்தான் அப்துல் சமதுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். சுல்தானின் மகள் ராஜா அர்ஃபாவும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். மாமனாராகப் போகிறவர், நாட்டின் அரசர், கேட்பதோ சிறு தொகை. மஹாடி கொடுக்கவில்லை. கோட்டை கையில் இருக்கிறது, இனி யார் தயவு எதற்கு என்று நினைத்திருக்க வேண்டும். சுல்தான் சத்தம் போடவில்லை, நிச்சயத்தை முறித்தார். 1868இல் கெடா இளவரசர் தெங்கு கூடினுக்கும் அர்ஃபாவுக்கும் நிக்காஹ் நடந்தது. மருமகனே சுல்தானின் பிரதிநிதியுமானார்.

தெங்கு கூடின் முதலில் சமாதானம் பேசத்தான் முன்வந்தார். இங்கேதான் மஹாடி இரண்டாவது முறை தவறினார். தமக்கு நிச்சயித்த பெண்ணை மணந்தவர் நடுவராக வருவதா என்ற ரோஷம் இருந்திருக்கலாம், மனிதர்தானே. பேச்சை ஒதுக்கிவிட்டார். அவமானப்பட்ட கூடின், ராஜா அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயிலுடன் சேர்ந்தார். கெடாவிலிருந்து 500 ஆட்கள் வந்தனர். 1870 மார்ச்சில் கிள்ளான் விழுந்தது.

மஹாடி ஓய்ந்துவிடவில்லை. நேரே நம் ஊருக்கு வந்து, சுல்தானின் மகன் ராஜா மூசாவிடமிருந்து கோலசிலாங்கூரைப் பிடித்தார். (அந்தப் பெயரை நம் வட்டாரத்தில் இன்றும் ஒரு வனக் காப்பகம் தாங்கியிருக்கிறது.) 1871 ஜூலையில், கொள்ளையிடப்பட்ட பினாங்குக் கப்பலைத் தேடி வந்த ஆங்கிலேயரின் ரினால்டோ போர்க்கப்பல் இந்தக் கோட்டையைக் குண்டு வைத்துத் தகர்த்தது. அப்போதும் அவர் அடங்கவில்லை. 1872இல் சையது மஷ்ஹூர் போன்றவர்களின் துணையோடு அவர் தரப்பு கோலாலம்பூரையே கைப்பற்றியது. யாப் ஆ லோய் தப்பி ஓட வேண்டியதாயிற்று. தோற்றவர் பின்னால் இத்தனை பேர் அணிவகுத்தார்கள் என்றால் அவரிடம் ஏதோ இருந்திருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் சுல்தானின் ஆதரவை ஒருமுறை இழந்தவருக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. கூடின் பகாங்கிலிருந்து படை வரவழைத்தார். 1873 மார்ச்சில் கோலாலம்பூரும், நவம்பரில் கோலசிலாங்கூரும் போயின. அடுத்த ஆண்டே ஆங்கிலேய ரெசிடெண்ட் சிலாங்கூருக்கு வந்துவிட்டார்.

500 வெள்ளி கேட்ட சுல்தான் அப்துல் சமது 1898 வரை அரியணையில் இருந்தார். ராஜா மஹாடி 1882இல் சிங்கப்பூரில் வஃபாத்தானார். கிள்ளானில் அவர் பெயரைத் தாங்கி ஒரு கோட்டை வாயில் நிற்கிறது.