மொழிபெயர்க்க உட்கார்ந்த சீமாட்டி

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவுக்கு மனைவி மூலம் பிறந்த ஒரே மகள் அடா. 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார். (நம் காதுக்கு யாரையோ அதட்டுவது போலக் கேட்கும். அங்கே அது பெரிய குடும்பத்துப் பெயர்!)

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது பெற்றோர் பிரிந்தார்கள். பைரன் நாட்டை விட்டே போய்விட்டார். மகள் முகத்தை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. தகப்பனாரின் கவிதைப் பித்து மகளுக்கும் வந்துவிடுமோ என்று தாய் பயந்தார். ஆசிரியர்களை வைத்துக் கணக்கைப் புகட்டினார்.

17 வயதில் அடா, கணித அறிஞர் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பல்சக்கரங்களால் கணக்குப் போடும் எந்திரத்தைச் செய்ய முயன்றவர் அவர். பிறகு அதைவிடப் பெரிய எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். துளை போட்ட அட்டைகளைப் பார்த்து, அதன்படி அது கணக்குப் போடும். பட்டுத் தறிக்காக ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த அட்டைதான் அது. நம் ஊர் நெசவாளர்களுக்கும் ஜக்கார்டு பெட்டி தெரியும். எண்களை வைக்கும் இடத்துக்குக் 'கிடங்கு' என்றும், கணக்குப் போடும் இடத்துக்கு 'ஆலை' என்றும் பாபேஜ் பெயர் வைத்தார்.

1840-ல் இத்தாலியிலுள்ள டூரின் நகரில் அவர் இதை விளக்கினார். அதைக் கேட்ட மெனாபிரியா என்ற ராணுவ என்ஜினீயர் பிரெஞ்சு மொழியில் கட்டுரை எழுதினார். 1842-ல் ஜினீவா பத்திரிகையில் அது வெளிவந்தது. (இவர் பிற்காலத்தில் இத்தாலியின் பிரதமர் ஆனார்.)

அதை ஆங்கிலத்தில் தரும்படி அடாவை விஞ்ஞானி வீட்ஸ்டன் தூண்டினார். அப்போது அடா, லவ்லேஸ் பிரபுவின் மனைவி. மூன்று குழந்தைகளின் தாய். உடல்நலமும் சரியில்லை.

வேலை எளிதல்ல. ஆங்கிலேயர் ஒருவரின் எந்திரம் பிரெஞ்சு உடையில் இருந்தது. அதை மறுபடி ஆங்கிலமாக்க மொழி தெரிந்தால் மட்டும் போதாது; எந்தச் சக்கரம் எதைத் திருப்புகிறது என்பதும் தெரியவேண்டும். அடாவுக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் ஓர் இடத்தில் சறுக்கினார். பிரெஞ்சில் 'கா' என்றால் 'நிலை'. அச்சில் ஓர் எழுத்து மாறி, 'காஸ்' என்ற கணிதக் குறியாகிவிட்டது. அடா அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்!

சொந்தக் குறிப்புகளும் சேர்க்கும்படி பாபேஜ் சொன்னார். குறிப்புகள் மூலக் கட்டுரையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வளர்ந்தன. பெர்னோலி எண்கள் என்ற சிக்கலான கணக்கை எந்திரம் எப்படிப் படிப்படியாகச் செய்யும் என்று பட்டியல் போட்டார். முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலர் சொல்வது அதைத்தான். விதிகளாக எழுத முடிந்தால் இசையைக்கூட எந்திரம் அமைக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் யாருக்கு வரும் இந்த யோசனை!

அச்சுக்குப் போகும் நேரத்தில் தகராறு வந்தது. அரசாங்கத்தைச் சாடும் முன்னுரை ஒன்றைக் கையெழுத்து இல்லாமல் சேர்க்க பாபேஜ் விரும்பினார். முடியாது என்றதும், கட்டுரையையே திரும்பப் பெறும்படி அடாவிடம் சொன்னார். குருவைப்போன்றவர் கேட்டும் அடா மறுத்துவிட்டார்.

1843-ல் கட்டுரை வெளிவந்தது. குறிப்புகளின் கீழே முழுப் பெயர் இல்லை, ஏ.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகள்தான்.

அந்த எந்திரத்தை பாபேஜ் கடைசிவரை முழுமையாகச் செய்து முடிக்கவில்லை. அடா குதிரைப் பந்தயத்தில் பணத்தை இழந்து கடன்பட்டார். புற்றுநோயும் வந்தது. 1852 நவம்பர் 27-ந் தேதி 36-வது வயதில் இறந்தார். பைரன் இறந்ததும் அதே வயதில்தான். அடா கேட்டுக்கொண்டபடி, ஹக்னல் ஊர் மாதாகோவிலில் தகப்பனாரின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.