பெயர் வேண்டாம் என்ற ஆசிரியர்

காந்திஜி தம் வாழ்க்கைக் கதையான ‘சத்திய சோதனை’யைக் குஜராத்தியில் எழுதினார். அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தவர் ஒரு தமிழர் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் ஸ்ரீநிவாச சாஸ்திரி.

1869 செப்டம்பர் 22-ல் கும்பகோணம் அருகே வலங்கைமானில் பிறந்தார். காந்திஜியைவிடப் பத்தே நாள் மூத்தவர். ஏழைக் குடும்பம். கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியர் ஆனார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக விளங்கினார்.

1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, நாட்டுப் பணியில் இறங்கினார். அவரது ஆங்கிலப் பேச்சைக் கேட்டு ஆங்கிலேயரே வியந்தனர். வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று புகழ்ந்தனர்.

அந்தத் திறமையை அவர் வீண் பெருமைக்குப் பயன்படுத்தவில்லை. 1927-ல் இந்திய அரசின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே நிறவெறியால் துன்பப்பட்ட இந்தியருக்காக வெள்ளையரிடமே வாதாடினார். இந்தியப் பிள்ளைகள் மேலே படிக்க, டர்பன் நகரில் ஒரு கல்விக்கூடம் அமைய நிதி திரட்டினார். அது சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது.

நல்ல ஆங்கிலம் என்றால் கடினமான சொற்களா? இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனி வழக்கு உண்டு. தமிழில் ஒன்றைப் பற்றி விவாதித்தோம் என்கிறோம். அதை அப்படியே மாற்றி, ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்றாலே போதும், ‘அபவுட்’ தேவையில்லை. ‘டேக் கேர் ஆஃப்’ என்பதைத் தனித்தனியாகப் பிரித்தால் பொருள் வராது. சேர்த்துப் பார்த்தால்தான், கவனித்துக்கொள் என்ற பொருள் கிடைக்கும். இத்தகைய வழக்குகளை நன்கு அறிந்தவர் சாஸ்திரி.

ஒத்துழையாமை இயக்கத்தில் காந்திஜியோடு அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனாலும் நட்பு குறையவில்லை. காந்திஜியின் நூலைத் திருத்த ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்பதே அது! 1940-ல் வந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில், மதிப்புக்குரிய நண்பர் என்று மட்டுமே அவர் குறிப்பிடப்பட்டார்.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவர், 1946 ஏப்ரல் 17-ல் மறைந்தார்.

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் படித்தாலும் சரி, சென்னையில் படித்தாலும் சரி, வழி ஒன்றுதான். படிக்கும்போது கண்ணில் படும் சொற்றொடரை முழுதாகக் குறித்து வையுங்கள். அதை வைத்து, உங்கள் ஊரையும் வீட்டையும் பற்றிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். காந்திஜியின் நூலே திருத்தப்பட்டது. நமக்கு என்ன வெட்கம்?