சுப்பிரமணிய சிவா

சுப்பிரமணிய சிவா (அக்டோபர் 4, 1884 - ஜூலை 23, 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், மேடைப் பேச்சாளர், எழுத்தாளர், இதழாசிரியர் ஆவார். சுப்பிரமணிய சிவம் என்றும் அழைக்கப்பட்டார். வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் இணைந்து தூத்துக்குடியில் சுதேசி இயக்கத்தை மக்களிடம் கொண்டு சென்றவர். 1908ஆம் ஆண்டில் இவ்விருவரும் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்தே திருநெல்வேலி எழுச்சி ஏற்பட்டது. பிரித்தானிய அரசின் காவல்துறைக் கண்காணிப்பு இவரது பொதுவாழ்வு முழுவதும் தொடர்ந்தது. இறுதிக் காலத்தை அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் கழித்தார்.

பிறப்பும் இளமையும்

மதுரை மாவட்டத்தில் அப்போது இருந்த வத்தலக்குண்டு என்னும் ஊரில் இராஜம் ஐயர், நாகம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். இவ்வூர் தற்போது திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. வறுமை காரணமாக இவரது கல்வி தடைப்பட்டது. 1899இல் மீனாட்சியம்மையை மணந்தார். சிவகாசிக் காவல்துறை அலுவலகத்தில் மிகக் குறுகிய காலம் பணியில் இருந்தார் என்று கூறப்படுவதுண்டு. பின்னாளில் அதே துறையின் குறிப்பேடுகளில்தான் இவரது பேச்சுகள் இடம்பெற்றன.

திருவிதாங்கூரிலிருந்து வெளியேற்றம்

1906ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த பேச்சாளர் ஒருவரின் சொற்பொழிவைக் கேட்ட சிவா, நாட்டுப்பற்றுக் கொண்டவராக மாறினார். தரும பரிபாலன சமாஜம் என்னும் அமைப்பை நிறுவி, இளைஞர்களைத் திரட்டிக் கூட்டங்கள் நடத்தினார். இதனை விரும்பாத திருவிதாங்கூர் சமஸ்தானம் இவரைத் தன் எல்லையை விட்டு வெளியேறுமாறு உத்தரவிட்டது. அங்கிருந்து ஊர் ஊராகச் சென்று பேசியவாறு தூத்துக்குடி வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடியில்

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிவா அவரது இல்லத்தில் தங்கி, தூத்துக்குடிக் கடற்கரையில் தொடர்ந்து பேசிவந்தார். எளிய தமிழில், பொதுமக்களுக்குப் புரியும் வகையில் அமைந்த இப்பேச்சுகளைக் கேட்கப் பெருந்திரளாக மக்கள் கூடினர். அதுவரை அரசியல் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்றவர்களுக்கு உரியவையாகவே இருந்தன. ஆலைத் தொழிலாளர்களும் வண்டிக்காரர்களும் கடைக்காரர்களும் அரசியல் பேச்சைக் கேட்கத் தொடங்கியது அரசுக்குப் புதிய கவலையாக அமைந்தது.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆங்கிலேயரான ஹார்வி நிறுவனத்தாருக்குச் சொந்தமான இவ்வாலையில் கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவை கோரப்பட்டன. சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் தொழிலாளர்களுக்குத் துணை நின்றனர். மார்ச் மாதத்தின் முதல் வாரத்திலேயே நிர்வாகம் கோரிக்கைகளுக்கு இணங்கியது.

காவல்துறைக் கண்காணிப்பு

சென்னை மாகாணத்தில் குற்றப் புலனாய்வுத் துறை 1906ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. சுதேசி இயக்கம் பரவியபோது அரசியல் கூட்டங்களைக் கவனிப்பதும் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. தமிழ் இதழ்களில் வெளிவந்தவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி அரசுக்கு அளிக்கும் மறைவான அறிக்கைகளும் ஏற்கனவே வழக்கத்தில் இருந்தன.

அச்சிட்ட எழுத்தைக் கண்காணிப்பது எளிது. பேச்சைக் கண்காணிப்பது எளிதன்று. அக்காலத்தில் காவல்துறையிடம் தமிழ்ச் சுருக்கெழுத்தாளர்கள் இல்லை. கூட்டத்தில் நின்ற காவலர்கள் தாங்கள் கேட்டவற்றில் சிலவற்றைக் குறித்துக்கொண்டு, மீதியைப் பின்னர் நினைவிலிருந்து எழுதினர். அவை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு மேலதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டன. மணிக்கணக்கில் நிகழ்ந்த பேச்சு இவ்வாறு சில பக்கங்களாகச் சுருங்கியது. சிவாவின் பேச்சுகளுள் இன்று எஞ்சியுள்ளவற்றில் பெரும்பகுதி, அவரைத் தண்டிப்பதற்காக அரசு திரட்டிய இக்குறிப்புகளே.

கைதும் திருநெல்வேலி எழுச்சியும்

வங்காளத் தலைவர் விபின் சந்திர பால் 1908 மார்ச் 9 அன்று விடுதலையானார். அதனைக் கொண்டாடத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் விஞ்ச் தடை விதித்தார். தடையை மீறிக் கூட்டங்கள் நடைபெற்றன. மார்ச் 12 அன்று சிதம்பரம் பிள்ளை, சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் நன்னடத்தைப் பிணை தொடர்பான நடவடிக்கையில் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர். நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் முதலியவை தாக்கப்பட்டன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்குக்குத் தீ வைக்கப்பட்டது. காவல்துறையினர் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். தலைவர்கள் கைதானதை எதிர்த்து நடைபெற்ற இவ்வேலைநிறுத்தம் இந்தியாவின் தொடக்ககால அரசியல் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இதன் பின்னர் இரு நகரங்களிலும் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டது. அதற்கான செலவு நகர மக்களிடமிருந்தே வரியாகத் தண்டப்பட்டது. கலவரத்தில் ஈடுபடாதவர்களும் இவ்வரியைச் செலுத்த வேண்டியிருந்தது.

வழக்கும் தண்டனையும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின்கீழ் சிவா மீது அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. சிதம்பரம் பிள்ளை மீது அரச நிந்தனைக் குற்றத்தோடு, சிவாவுக்கு உணவும் உறைவிடமும் அளித்து அவரது குற்றத்துக்கு உடந்தையாக இருந்தார் என்ற குற்றமும் சாட்டப்பட்டது. காவல்துறையினரின் பேச்சுக் குறிப்புகளே முதன்மைச் சான்றுகளாக அமைந்தன.

1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல் தண்டனையும், சிதம்பரம் பிள்ளைக்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் இருபது ஆண்டுகளாக நாற்பது ஆண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. பேசியவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை விட, அவருக்கு இடம் கொடுத்ததற்காக விதிக்கப்பட்ட தண்டனை இருமடங்காக இருந்தது குறிப்பிடத்தக்கது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரது தண்டனையையும் ஆறு ஆண்டுகளாகக் குறைத்தது. அதே ஜூலை மாதத்தில் பம்பாயில் பாலகங்காதர திலகருக்கும் இதே பிரிவின்கீழ் ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது.

சிறைவாழ்வு

சிவா திருச்சிராப்பள்ளிச் சிறையிலும் பின்னர் சேலம் சிறையிலும் வைக்கப்பட்டார். கம்பளிக்கான ஆட்டு மயிரைச் சுண்ணாம்பிட்டுத் தூய்மை செய்யும் கடின வேலை அவருக்கு அளிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. சிறையில் இருந்த காலத்தில் அவர் தொழுநோய்க்கு ஆளானார்.

சேலம் நகரம் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஏற்காடு, நாகலூர் முதலிய ஊர்களைக் கொண்ட அம்மலை, அக்காலத்தில் ஆங்கிலேயரின் காப்பித் தோட்டங்களும் கோடை வாழிடமும் அமைந்த பகுதியாக விளங்கியது. அதன் அடிவாரச் சிறையில் நோயுற்ற நிலையில் இருந்த சிவா, 1912 நவம்பர் 2 அன்று விடுதலை செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 28.

விடுதலைக்குப் பின்

வெளியுலகம் மாறியிருந்தது. சுதேசிக் கப்பல் நிறுவனம் மறைந்துவிட்டது. சுப்பிரமணிய பாரதி 1908 முதல் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரியில் தங்கியிருந்தார். அங்கும் பிரித்தானிய ஒற்றர்கள் அவரைக் கண்காணித்தனர். தூத்துக்குடியில் உதவி ஆட்சியராக இருந்து, பின்னர் திருநெல்வேலி ஆட்சியரான ஆஷ், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் பழைய சுதேசி இயக்கத்தவர் மீதான கண்காணிப்பு மேலும் கடுமையானது. 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் இதழ்களிடம் பிணைத்தொகை கோர அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது.

இச்சூழலில் சிவா சென்னையில் குடியேறி, 1913இல் ஞானபாநு என்னும் மாத இதழைத் தொடங்கினார். பாரதியின் படைப்புகள் இதில் வெளிவந்தன. பின்னர் பிரபஞ்சமித்திரன், இந்திய தேசாந்திரி ஆகிய இதழ்களையும் நடத்தினார். சமயமும் தத்துவமும் குறித்த நூல்களையும் நாடகங்களையும் எழுதினார். காவி உடை அணிந்து ஊர்தோறும் சென்று பேசுவதையும் அவர் நிறுத்தவில்லை.

1921 நவம்பரில் மீண்டும் அரச நிந்தனைக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டு இரண்டரை ஆண்டுத் தண்டனை பெற்றார். நோயின் கடுமை காரணமாக 1922 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்.

பயணத் தடையும் பாப்பாரப்பட்டியும்

தொழுநோயைக் காரணம் காட்டி, சிவா தொடருந்தில் பயணம் செய்ய அரசு தடை விதித்தது. பேச்சையே தொழிலாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றவருக்கு இது மற்றொரு தண்டனையாக அமைந்தது. நோய் பரவாமல் தடுப்பது காரணமாகக் கூறப்பட்டாலும், அரசு விரும்பாத பேச்சாளர் ஒருவரின் நடமாட்டம் இதனால் குறைந்தது. எனினும் அவர் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் தன் பயணங்களைத் தொடர்ந்தார்.

பாப்பாரப்பட்டியில் நண்பர்களின் உதவியுடன் ஆசிரமம் அமைத்து, அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முயன்றார். 1923இல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயிலுக்கு நிதி திரட்டுவதற்காக நோயுற்ற உடலுடன் பல ஊர்களுக்கும் சென்றார். அவரது வாழ்நாளில் அக்கோயில் நிறைவேறவில்லை.

மறைவு

1925 ஜூலை 23 அன்று தமது 40ஆம் வயதில் பாப்பாரப்பட்டியில் காலமானார்.

நினைவுகள்

பாப்பாரப்பட்டியில் சிவாவுக்குத் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. 1965இல் சேலம் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து இவ்வூர் தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1961இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் திரைப்படத்தில் டி. கே. சண்முகம் சிவாவாக நடித்தார்.

சிவாவைத் தண்டிக்கப் பயன்பட்ட 124அ பிரிவு விடுதலைக்குப் பின்னரும் நடைமுறையில் இருந்தது. 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் எதிரான செயல்கள் குறித்த அதன் 152ஆம் பிரிவு, பழைய பிரிவின் மறுவடிவமே என்று சட்ட வல்லுநர் சிலர் கருதுகின்றனர்.