சுழற்சிக்கு விதி கண்டவர்

கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கயிறு விறைத்துக் கையை வெளிப்புறமாக இழுக்கும். இதனை உணராத சிறுவர் இலர். ஆயினும், அந்த இழுப்பின் அளவு யாது என்பதைக் கணக்கிட்டு விதியாக வகுத்தவர், பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த டச்சு நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஆவார்.

இளமை

ஹைகன்ஸ் 1629ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஹேக் நகரில் பிறந்தார். தந்தை கான்ஸ்டன்டைன் கவிஞர். அரசியல் தூதுப் பணியில் புகழ் பெற்றவர். தத்துவ அறிஞர் டெக்கார்ட் அவருடைய நண்பர். ஹைகன்ஸ் எட்டு வயதிலேயே தாயை இழந்தார். மகனும் அரசுப் பணியில் உயர வேண்டும் என்று தந்தை விரும்பினார். அதனால் லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற ஹைகன்ஸ், அங்கேயே கணிதமும் கற்றார். கணிதமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. மகனின் திறமையை உணர்ந்த தந்தையும் அவரை ஆர்க்கிமிடீஸ் என்று அழைத்து மகிழ்ந்தார்.

வானமும் கடிகாரமும்

தமையனுடன் சேர்ந்து ஹைகன்ஸ் கண்ணாடி வில்லைகளைத் தாமே தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். அதன் வழியே 1655இல் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனைக் கண்டறிந்தார். சனியைச் சூழ்ந்திருப்பது வளையமே என்பதையும் 1659இல் விளக்கினார்.

அக்காலக் கடிகாரங்கள் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை பிழை காட்டின. 1656இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். பிழை சில விநாடிகளாகக் குறைந்தது. நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தை அறியச் சரியான நேரம் காட்டும் கருவி மாலுமிகளுக்குத் தேவைப்பட்டது. அதற்காக அவர் வாழ்நாள் முழுதும் உழைத்தார். ஆனால் அலைகளின் ஆட்டம் ஊசலின் ஆட்டத்தைக் குலைத்தது; அம்முயற்சி முழு வெற்றி பெறவில்லை.

ஆறு மடங்கு

ஊசலை ஆராய்ந்தபோதுதான் வட்ட இயக்கம் அவர் கருத்தை ஈர்த்தது. சுழலும் பொருள் மையத்தை விட்டு விலக முயலும் விசைக்கு அவர் மையவிலக்கு விசை எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். வேகம் இரு மடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். வேகம் மாறாமல் வட்டத்தின் ஆரம் பாதியானால் விசை இரு மடங்காகும். 1659இல் அவர் கண்ட உண்மைகள் இவை.

செங்குத்து வட்டத்தில் சுழலும் குண்டைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். வட்டத்தின் உச்சியில் குண்டு கீழே விழாதிருக்க, மையவிலக்கு விசை அதன் எடைக்கேனும் சமமாக இருத்தல் வேண்டும். உச்சியிலிருந்து இறங்கும்போது குண்டின் வேகம் பெருகும். அடியில் மையவிலக்கு விசை எடையைப் போல் ஐந்து மடங்காகிவிடும். குண்டின் சொந்த எடையும் அதனோடு சேரும். ஆகவே, எடையைப் போல் ஆறு மடங்கைத் தாங்கும் கயிறே அறுபடாமல் நிற்கும் என்று ஹைகன்ஸ் நிறுவினார்.

வெளிவராத தாள்கள்

1666இல் பாரிசில் தொடங்கிய அறிவியல் கழகம் அவரை அழைத்துச் சிறப்பித்தது. ஆனால் உடல்நலம் ஒத்துழைக்கவில்லை. 1670இல் கடும் நோயுற்ற அவர், உயிர் பிழைப்பது அரிது என்று எண்ணினார். தம் இயக்கவியல் ஆய்வுகள் தம்மோடு அழிந்துவிடக் கூடாது எனக் கவலைகொண்டு, அவற்றை இலண்டன் ராயல் கழகத்திடம் சேர்க்குமாறு நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டார். நல்வாய்ப்பாக அவர் நலம் பெற்றார். 1673இல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலின் இறுதியில் மையவிலக்கு விசை பற்றிய 13 முடிவுகளைச் சேர்த்தார், நிறுவல்களைத் தரவில்லை. மீண்டும் நோயுற்று 1681இல் தாயகம் திரும்பினார். அதன் பின் பாரிசுப் பணிக்குச் செல்லவே இல்லை. ஒளி அலையாகப் பரவுகிறது என்னும் நூலை 1690இல் வெளியிட்டு, 1695ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் ஹேக் நகரில் மறைந்தார். நிறுவல்கள் அடங்கிய நூல், அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1703இல்தான் அச்சேறியது.

வளையப் பாதையில் விதி

ஹைகன்ஸ் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1895இல், நியூயார்க்கின் கோனித் தீவில் தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர் ஒன்று ஓடியது. அதன் வளையம் முழு வட்டமாக இருந்தது. கயிறு செய்த வேலையை இங்குத் தண்டவாளம் செய்தது. வண்டி வளையத்துள் நுழைந்த நொடியிலேயே பெரும் விசை பயணிகளைத் தாக்கியது. பலருக்குக் கழுத்து வலித்தது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. கயிற்றுக்கு ஹைகன்ஸ் கணித்த சுமை இங்கு மனித உடலின் மீது விழுந்தது.

பிற்காலப் பொறியாளர்கள் வட்டத்தைக் கைவிட்டனர். 1976இல் கலிபோர்னியாவில் அமைந்த வளையத்தில், வேகம் மிகுந்த அடிப்பகுதியில் ஆரம் பெரிதாகவும், வேகம் குறைந்த உச்சியில் சிறிதாகவும் இருந்தது. ஆரம் பெரிதானால் விசை குறையும் அன்றோ? மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஹைகன்ஸ் தாளில் எழுதிய விதி, இன்று வளையப் பாதையில் விரையும் பயணிகளின் கழுத்தைக் காக்கிறது.

சொற்பொருள்

விறைத்து – இறுகி; தமையன் – அண்ணன்; நிறுவல் – மெய்ப்பித்துக் காட்டுதல்; ஆரம் – வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவு

பயிற்சி

1. ஹைகன்ஸின் கடிகாரம் கடலில் முழு வெற்றி பெறாதது ஏன்?
2. 1670இல் அவர் எதற்காகக் கவலைகொண்டார்?
3. முழு வட்ட வளையம் பயணிகளுக்குத் துன்பம் தந்தது ஏன் என்பதை உம் சொந்த நடையில் எழுதுக.