கடல் தூண்களில் ஏறிய டாக்டர்!

ஸ்காட்லாந்தின் வட கோடியில், ஆர்க்னி என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்குள்ள ஹோய் தீவின் கரையோரம், தன்னந்தனியாக ஒரு கல் தூண் நிற்கிறது. உயரம், 137 மீட்டர். ஏறத்தாழ, 40 மாடிக் கட்டடம் அளவு! அதை, 'ஹோய் கிழவர்' என்று அழைக்கின்றனர். ஒரு காலத்தில் இதற்கு இரண்டு கால்கள் இருந்தன. ஒரு காலை கடல் தின்றுவிட்டது. இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறார் கிழவர்.

இதன் உச்சிக்கு, 1966 வரை மனிதர் யாரும் ஏறியதில்லை. முதலில் ஏறிய மூவரில் ஒருவர், டாக்டர் டாம் பேட்டி. மற்ற இருவர், ரஸ்டி பெய்லி, கிறிஸ் போனிங்டன்.

பேட்டி, 1932ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். மருத்துவம் படித்தார். காரகோரம் மலைத்தொடரில், 7,788 மீட்டர் உயர ரகபோஷி சிகரத்தை, 1958ல் முதன்முதலில் தொட்ட இருவரில் இவரும் ஒருவர். பிறகு, அல்லாபூல் என்ற கடலோர ஊரில் டாக்டராக வேலை பார்த்தார். ஊசி, மருந்து ஒரு பக்கம். கயிறு, இரும்பு ஆணி மறுபக்கம்! அக்கார்டியன் வாசிப்பார், சக வீரர்களைக் கிண்டல் செய்து பாட்டும் எழுதுவார்.

அவ்வளவு பெரிய சிகரத்தைத் தொட்டவருக்கு, இந்தத் தூண் எம்மாத்திரம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படியல்ல. இது மணற்பாறை, பிடித்த கல் கையோடு வந்துவிடும். ஃபுல்மர் என்ற கடற்பறவை அங்கே கூடு கட்டும். யாராவது நெருங்கினால், நாற்றமடிக்கும் எண்ணெயை அவர் மேல் கக்கிவிடும். துணியை எத்தனை முறை துவைத்தாலும் வாடை போகாது... உவ்வே!

இறங்குவது இன்னும் ஆபத்து. பாறையின் ஒரு பகுதி வெளியே துருத்திக் கொண்டிருப்பதால், கயிற்றில் இறங்குபவர் பாறையைத் தொட முடியாமல் அந்தரத்தில் தொங்குவார். அதனால், ஏறும்போதே ஒரு கயிற்றை அங்கே கட்டிவிட்டுப் போவர். திரும்பும்போது, அதைப் பிடித்து இழுத்துத்தான் பாறையை எட்டுவர். அதைக் கட்ட மறந்தால், கதை கந்தல்தான்!

அடுத்த ஆண்டே, பேட்டி உள்ளிட்ட ஆறு வீரர்கள் மீண்டும் இதில் ஏறினர். பி.பி.சி., தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. சுமார், 1.5 கோடி பேர் வீட்டிலிருந்தபடியே பார்த்தனர். தொங்கிக் கொண்டிருந்தவர்களைவிட, பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் வியர்த்திருக்கும்!

அதோடு விடவில்லை பேட்டி. ஸ்காட்லாந்து கடற்கரையில், இப்படிப்பட்ட தூண்களைத் தேடித் தேடி ஏறினார். நண்பர்கள் அவருக்கு, 'டாக்டர் தூண்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டனர்.

வடக்குக் கரையில், 'கன்னி' என்று ஒரு தூண் உண்டு. மே 25, 1970ல் அதன் உச்சிக்கும் ஏறினார். கயிற்றில் இறங்கும்போது தவறி விழுந்து இறந்தார். வயது, 38 தான். அவர் எழுதிய கட்டுரைகளும், கிண்டல் பாட்டுகளும் மறு ஆண்டு புத்தகமாக வெளிவந்தன.

ஹோய் கிழவரும் நெடுநாள் நிற்கப் போவதில்லை. மிச்சமிருக்கும் ஒற்றைக் காலையும், அலைகள் கரைத்துக் கொண்டிருக்கின்றன.