நவம்பரில் சமைத்த கிறிஸ்துமஸ் விருந்து



டிசம்பர் 25-ஆம் தேதி மதியம் சாப்பிடப்போற விருந்தை நவம்பர் மாசமே சமைச்சு முடிச்சாச்சுன்னு ஒருத்தர் சொன்னா என்ன நினைப்பீங்க? ஊசிப்போன சாப்பாட்டை விருந்தாளிக்குப் போடுறாங்கன்னுதானே? ஆனா அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் லட்சக்கணக்கான வீடுகள்ல இது வருஷா வருஷம் நடக்கிற சாதாரண விஷயம். கிரான்பெரி சாஸ், கிரேவி, ஸ்டஃபிங், மசித்த உருளைக்கிழங்கு, பை செய்யுற மாவு எல்லாம் மூணு நாலு வாரத்துக்கு முன்னாடியே தயாராகி ஃப்ரீசருக்குள்ள போயிடும். பண்டிகை அன்னிக்கு ஓவன் முழுக்க வான்கோழிக்கு மட்டும்தான். உங்க புராஜெக்ட் பிளானிங் பாடத்துல வர்ற ‘பாட்டில்நெக்’ ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு ஓவன், பன்னிரண்டு பேர் சாப்பாடு. அந்தச் சிக்கலுக்கு வீட்டுக்காரர்கள் கண்டுபிடிச்ச தீர்வுதான் இது.

இந்தத் தீர்வுக்குப் பின்னால ஒரு மனிதர் இருக்கார். பேரு கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. அவர்கிட்ட இன்ஜினியரிங் டிகிரி கிடையாது. சொல்லப்போனா எந்த டிகிரியும் கிடையாது.

1886 டிசம்பர் 9, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஆறாவது. சின்ன வயசிலிருந்தே இரண்டு விஷயத்துல பைத்தியம்: ஒண்ணு பிராணிகள், இன்னொண்ணு சாப்பாடு. பள்ளிக்கூடத்துல சமையல் வகுப்புல சேர்ந்து படிச்ச பையன் அவர். அந்தக் காலத்துல ஆம்பளைப் பையன் சமையல் வகுப்புக்குப் போனா எவ்வளவு கிண்டல் இருந்திருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். கையில காசு இல்லை. தவளைகளைப் பிடிச்சு, பாம்புகளுக்குத் தீனியா பிராங்ஸ் மிருகக்காட்சிசாலைக்கு வித்தார். மரபியல் ஆராய்ச்சி பண்ற பேராசிரியருக்கு எலி பிடிச்சுக் கொடுத்தார். கூடப் படிச்சவங்க அவருக்கு ‘பூச்சி’ன்னு பட்டப்பேர் வெச்சாங்க. இவ்வளவு பண்ணியும் ஃபீஸ் கட்ட முடியலை. படிப்பைப் பாதியில விட்டுட்டு அரசாங்கத்தோட உயிரியல் ஆய்வுத் துறையில வேலைக்குப் போயிட்டார். மேற்கு மாநிலங்கள்ல சுத்தினார். மொன்டானாவுல உயிரைக் கொல்லும் ஒரு காய்ச்சலை உண்ணிகள் பரப்பிக்கிட்டு இருந்த நேரம். அந்த ஆராய்ச்சிக்காகக் காட்டு விலங்குகளைச் சுட்டு, அதுங்க மேல ஒட்டியிருந்த உண்ணிகளைச் சேகரிக்கிறதுதான் இவர் வேலை. இந்த ஆளுக்குப் பயம்னா என்னன்னு தெரியாதுன்னு நமக்கு இங்கேயே புரிஞ்சிடுது.

1912-ல் லாப்ரடாருக்குப் போனார். கனடாவின் வடகிழக்கு ஓரத்துல இருக்கிற பனிக் கடற்கரை. மருத்துவச் சேவை செஞ்சுக்கிட்டிருந்த வில்ஃப்ரெட் கிரென்ஃபெல்லோட பயணத்துல சேர்ந்து போனவர், அங்கே நரித்தோல் வியாபாரத்துல பணம் பண்ணலாம்னு தங்கிட்டார். பணம் பெரிசா வந்ததோ இல்லையோ, அங்கே பார்த்த ஒரு விஷயம் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டுடுச்சு.

இனூயிட் மக்கள் பனிப்பாளத்துல ஓட்டை போட்டு மீன் பிடிப்பாங்க. வெளியே குளிர் மைனஸ் 40 டிகிரி. (செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு கேக்காதீங்க. மைனஸ் 40-ல ரெண்டும் ஒண்ணுதான்.) மீன் தண்ணியை விட்டு வெளியே வந்ததும் காத்து பட்டு அங்கேயே கட்டையா உறைஞ்சிடும். வாரக்கணக்கு கழிச்சு அதை உருக்கிச் சமைச்சா, இன்னிக்குப் பிடிச்ச மீன் மாதிரியே இருக்கும். இவரோ நியூயார்க்ல உறைய வெச்ச மீன் தின்னு பார்த்தவர். சவசவன்னு, தண்ணி விட்டுக்கிட்டு, நாத்தம் அடிக்கும். ரெண்டும் உறைய வெச்ச மீன்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

அவர் இன்னொண்ணையும் கவனிச்சார். நடுக்குளிர்காலத்துல உறைஞ்ச இறைச்சிக்கு இருக்கிற ருசி, குளிர் குறைஞ்ச வசந்த காலத்துல உறைஞ்ச இறைச்சிக்கு இல்லை. இறைச்சியை மெல்லிசா சீவிப் பார்த்துக் காரணத்தைப் பிடிச்சார். மெதுவா உறைஞ்சா ஐஸ் படிகங்கள் பெரிசா வளரும். அந்தப் படிகங்கள் செல் சவ்வைக் குத்திக் கிழிச்சிடும். உருக்கும்போது உள்ளே இருந்த சாறெல்லாம் வெளியே வடிஞ்சிடும். வேகமா உறைஞ்சா படிகங்கள் ரொம்பச் சின்னதா இருக்கும், செல் பிழைச்சுக்கும். சுழிக்குக் கீழே அஞ்சு டிகிரி வரைக்கும் இருக்கிற அந்த இடைவெளியை எவ்வளவு சீக்கிரம் தாண்டுறோம்கிறதுலதான் ருசியே இருக்கு.

இதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, தேவை. 1915-ல் எலினார் காரட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அடுத்த வருஷம், பிறந்து அஞ்சே வாரமான குழந்தையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் லாப்ரடார் போனாங்க. பச்சைக் காய்கறி எப்போவாவது வர்ற கப்பல்லதான் வரும். மாசக்கணக்குல குளிர்காலம். பக்கத்துல கடை கிடையாது. கைக்குழந்தையோட குடும்பம் என்ன சாப்பிடும்? கப்பல்ல வந்த முட்டைக்கோஸைப் பீப்பாயில போட்டு உப்புத்தண்ணி ஊத்தி, பனிக்காத்துல வெச்சு உறைய விட்டார். தேவைப்படும்போது வெட்டி எடுத்துச் சமைச்சாங்க. குளிர்காலம் முழுக்கச் சாப்பிட வேண்டியதை முன்கூட்டியே உறைய வெச்ச முதல் சமையலறை அவரோடது இல்லை. அந்த மண்ணுல அது பல நூற்றாண்டுப் பழக்கம். வேகமா உறைய வைக்கிறதைத் தான் கண்டுபிடிக்கலைன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். ஆனாலும் காப்புரிமைப் பத்திரத்துல அவர் பேர்தான் இருக்கு. அவருக்கு அதைச் செஞ்சு காட்டின இனூயிட் மீனவர்கள் ஒருத்தர் பேர் கூட அதுல கிடையாது. இதைச் சொல்லாம அவர் கதையைச் சொல்றது நியாயமில்லைன்னு எனக்குத் தோணுது.

அமெரிக்கா திரும்பினதும் லாப்ரடார் குளிரை ஒரு மெஷினுக்குள்ள கொண்டுவர முயற்சி பண்ணார். ஆரம்பத்துல அவர்கிட்ட இருந்த ‘லேப்’ என்ன தெரியுமா? ஒரு மின்விசிறி, கொஞ்சம் ஐஸ் கட்டி, உப்புத்தண்ணி வாளிகள். செலவு 7 டாலர்னு சொல்வாங்க. நியூயார்க்ல மீன் கம்பெனி ஆரம்பிச்சார். மீன் நல்லா இருந்தது, வாங்க ஆள் இல்லை. உறைய வெச்ச மீன்னாலே மட்டமான மீன்னு ஜனங்க மனசுல பதிஞ்சிருந்தது. 1924-ல் கம்பெனி திவால்.

அந்த நேரத்துல அவருக்கு வயசு 37. பிள்ளைகள் இருந்தாங்க. நீங்களும் நானும்னா ஒரு நல்ல வேலையைத் தேடிப் போயிருப்போம். அவர் தன்னோட ஆயுள் காப்பீட்டு பாலிசி மேல கடன் வாங்கி, மாசசூசெட்ஸ்ல இருக்கிற குளோஸ்டர்ங்கிற மீன்பிடி ஊர்ல மறுபடி ஆரம்பிச்சார். தான் இல்லாமப் போனா குடும்பத்துக்குன்னு இருந்த கடைசிப் பிடிமானம் அது. இதைத் தைரியம்னு சொல்றதா, பொறுப்பில்லாத்தனம்னு சொல்றதா? ஜெயிச்சதால நாம தைரியம்னு சொல்றோம்.

குளோஸ்டர்ல அவர் செஞ்சதுதான் நிஜமான இன்ஜினியரிங். உணவை முதல்ல தட்டையான அட்டைப் பெட்டியில அடைச்சார். அந்தப் பெட்டியை ரெண்டு குளிர்ந்த உலோகப் பட்டைகளுக்கு நடுவுல அழுத்தினார். பட்டைகளைக் குளிர வைக்க, மைனஸ் 40 பக்கத்துல இருக்கிற கால்சியம் குளோரைடு கரைசல். பிறகு உள்ளே அம்மோனியா ஓடுற பல தட்டுகள் கொண்ட இன்னொரு மெஷின் வந்தது. காத்துக்குப் பதிலா உலோகம் நேரடியா தொடுது, ரெண்டு பக்கமும் தொடுது, நடுவுல தடிமன் குறைவு. ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்லத் தேவையில்லை. 1930-ல் கிடைச்ச 1,773,079-ஆம் எண் காப்புரிமை இந்த அழுத்தி உறைய வைக்கும் முறைக்கானது.

ஒரு வாத்து கதையும் உண்டு. பணக்காரப் பெண்மணி மார்ஜரி போஸ்ட்டோட சொகுசுப் படகு குளோஸ்டர்ல நின்னப்போ, சாப்பிட்ட வாத்து ரொம்ப ருசியா இருந்ததாம். விசாரிச்சா அது மாசக்கணக்குக்கு முன்னாடி உறைய வெச்சதாம். உடனே இந்தக் கம்பெனியை வாங்கணும்னு தன் போஸ்டம் நிறுவனத்தை நச்சரிச்சாராம். கதை எவ்வளவு நிஜமோ, வியாபாரம் நிஜம். 1929-ல் போஸ்டமும் கோல்ட்மன் சாக்ஸும் சேர்ந்து 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல பங்குச் சந்தை சரிஞ்சது. சில மாசம் தள்ளிப் போயிருந்தா இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

1930 மார்ச் 6. ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துல 18 கடைகள்ல முதல் முறையா உறைபதன உணவு விற்பனைக்கு வந்தது. இறைச்சி, மீன், சிப்பி, பட்டாணி, பசலைக்கீரை, பழங்கள். அவர் பேரை ரெண்டா உடைச்சு ‘பேர்ட்ஸ் ஐ’னு பிராண்ட் பேர் வெச்சாங்க. ஆனா கடையில வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனா எங்கே வைக்கிறது? அப்போ பல வீடுகள்ல ஐஸ் கட்டி போடுற பெட்டிதான். வீட்டு ஃப்ரீசர் பரவலானது இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம். அதுக்குப் பிறகுதான் பண்டிகைச் சமையல் மாசம் முன்னாடி நகர்ந்தது.

இப்போ அந்த நவம்பர் சமையலறைக்கு வருவோம். எம்.எஸ். படிக்கப் போய் அமெரிக்கக் குளிர்ல மாட்டப்போற சீனியர்கள் இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க. பேர்ட்ஸ்ஐ மெஷின்ல செஞ்சதை வீட்டுல செய்யணும்னா முதல் விஷயம் தட்டையாக்குறது. கிரேவியைப் பெரிய பாத்திரத்தோட உறைய வைக்காதீங்க. ஜிப் பையில ஊத்தி, காத்தை வெளியேத்தி, தட்டுல படுக்க வெச்சு உறைய வைங்க. வெப்பம் நடுவுல இருந்து வெளியே வர ஆகுற நேரம் தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் ரெண்டு மடங்கானா நேரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதோட, 1 கிலோ தண்ணி 80 டிகிரியிலிருந்து சுழிக்கு ஆற வெளியேத்துற வெப்பமும், சுழியில அது ஐஸா மாற வெளியேத்துற வெப்பமும் ஏறக்குறைய ஒண்ணு. சூடான சாப்பாட்டை அப்படியே உள்ளே வெச்சா ஃப்ரீசருக்கு ரெட்டை வேலை, பக்கத்துல இருக்கிறதும் உருக ஆரம்பிக்கும். அதனால முதல்ல ஆற வைங்க, அதுவும் சீக்கிரம். ராத்திரி முழுக்க மேடையில கிடக்கக் கூடாது. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டும்தான் வைக்கும்.

எல்லாமும் உறையாது. கிரான்பெரி சாஸ், பை மாவு அருமையா இருக்கும். மசித்த உருளைக்கிழங்குல வெண்ணெய் தாராளமா இருந்தா தாங்கும். முழுசா வேகவெச்ச கிழங்கு சொதசொதன்னு ஆயிடும். மாவு போட்டுக் கெட்டியாக்கின கிரேவி உருகும்போது தண்ணி தனியா பிரியும், சூடு பண்ணி நல்லா அடிச்சா மறுபடி சேரும். வேகவெச்ச முட்டை வெள்ளை ரப்பர் மாதிரி ஆகிடும். காய்கறியை உறைய வைக்கிறதுக்கு முன்னாடி கொதிநீர்ல ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் போட்டு எடுக்கணும். இல்லைன்னா நொதிகள் குளிர்லயும் மெதுவா வேலை பார்த்து நிறத்தையும் ருசியையும் கெடுத்துடும். ஃப்ரீசர் மைனஸ் 18 செல்சியஸ்ல இருக்கணும். மறுபடி சூடு பண்ணும்போது நடுவுல 74 டிகிரி வரணும். உறைந்த வான்கோழியை மேஜையில வெச்சு உருக்காதீங்க. ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஒரு நாள். 7 கிலோ பறவைன்னா 20, 21-ஆம் தேதியே வெளியே எடுத்தாகணும். இதை மறந்துட்டு 24-ஆம் தேதி ராத்திரி கல்லு மாதிரி பறவையோட நிக்கிற வீடுகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

பணம் வந்த பிறகும் பேர்ட்ஸ்ஐ சும்மா இருக்கலை. இன்ஃப்ராரெட் விளக்கு, பின்னடி இல்லாத திமிங்கல ஈட்டித் துப்பாக்கி, உணவை வேகமா உலர்த்தும் முறைன்னு எதையாவது செஞ்சுக்கிட்டே இருந்தார். 1954-ல் ஸ்வான்சன் கம்பெனி வான்கோழி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கோட ஒரு முழு விருந்தையே அலுமினியத் தட்டுல உறைய வெச்சு வித்து நாட்டையே கலக்கிக்கிட்டு இருந்தப்போ, இவர் பெரு நாட்டுல கரும்புச் சக்கையிலிருந்து காகிதக் கூழ் எடுக்கிற வேலையில மூழ்கியிருந்தார். இதயம் ஏற்கெனவே பலவீனம். ஊர் திரும்பி, 1956 அக்டோபர் 7-ஆம் தேதி நியூயார்க்ல மாரடைப்புல இறந்தார். வயசு 69. அவர் சாம்பலைக் குளோஸ்டருக்குக் கொண்டுபோய், மீன்பிடிப் படகுகள் கிளம்பிப் போற அந்தக் கடல்லயே தூவினாங்க.